மணி அடிக்குமுன் அரை மணி!

கொடி ஏறியது. முழக்கம் எழுந்தது. "தமிழ் வாழ்க!" என்று தோழர்கள் எழுப்பிய ஒலி, திருச்சி சாலையில் சிங்காநல்லூரைத் தாண்டி விரைந்துகொண்டிருந்த பேருந்தில் இருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. கிளைக் கழகத்தின் விழா. இனிப்பு வழங்கினார்கள். இனிப்பை வாங்கி வாயில் போட்டுக்கொண்ட சிறுவன் ஒருவன், பக்கத்துச் சுவரில் பதித்திருந்த பளிங்குக் கல்லை விரலால் தடவிக்கொண்டு நின்றான். நான்காம் வகுப்பு என்றான்.

"என்ன எழுதியிருக்கிறது, படி தம்பி" என்றோம்.

"த..." என்றான். "மி..." என்றான். பிறகு கல்லைப் பார்த்தான். நம் முகத்தைப் பார்த்தான். சட்டென்று முகம் மலர்ந்து, "தமிழ் வாழ்கங்!" என்றான்.

தோழர்கள் கை தட்டினார்கள். நமக்குக் கை எழவில்லை. கல்லில் இருந்தது அதுவல்ல. "தமிழர் படிப்பகம்" என்று இருந்தது. பையன் படித்துச் சொல்லவில்லை. சற்று முன் நாம் முழங்கியதைக் கேட்டுச் சொன்னான்! கெட்டிக்காரப் பையன். காது கூர்மை, நினைவு கூர்மை. கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே மட்டும் பாலம் இல்லை. அந்தப் படிப்பகத்தின் கதவிலோ பூட்டு. சன்னல் வழியே எட்டிப் பார்த்தோம். உள்ளே தேர்தல் தட்டிகள், அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், கிழிந்த ஷாமியானா. ஏடு? ஒன்றும் இல்லை.

தோழர்களே! அன்று மாலைக் கூட்டத்தில் நாம் பேச வேண்டிய பேச்சு வேறு. பேசினோம்; கை தட்டலும் வாங்கினோம். ஆனால் அந்தப் பையனின் "தமிழ் வாழ்கங்" நம்மை விடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

அவன் ஒருவன் கதை என்றால் விட்டுவிடலாம். 'ஏசர்' என்ற பெயரில் நாடெங்கும் கிராமத்து வீடுகளுக்குச் சென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கும் ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தங்கு தடையின்றிப் படித்தவர்கள், 2018-இல் நூற்றுக்கு 40 பேர். 2022-இல் நூற்றுக்கு 25 பேர்! இது அரசுப் பள்ளிக் கணக்கு மட்டுமல்ல; தனியார் பள்ளியும் சேர்ந்த கணக்கு. இடையில் கொரோனா பள்ளிக் கதவுகளைச் சாத்தி வைத்தது, உண்மை. 2024-இல் மீண்டும் ஏற்றம் தெரிந்தது, அதுவும் உண்மை. ஆனால் கொரோனாவுக்கு முந்திய நாற்பது மட்டும் பெருமைப்படத்தக்க எண்ணா? நூறு பேரில் அறுபது பேரை வாசலிலேயே நிறுத்தி வைத்த எண்ணல்லவா அது!

கணக்கைக் காட்டினால், "ஆய்வு முறை சரியில்லை" என்று வாதாடத் தெரிந்த நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வாதாடட்டும். நாம் அவர்களை அழைத்துப் போய் அந்தப் பளிங்குக் கல்லின் முன் நிறுத்துகிறோம். எந்த ஊர்ப் பிள்ளையை வேண்டுமானாலும் அவர்களே பொறுக்கி எடுத்து வரட்டும்.

இது எந்த ஊரில் நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுக்கு மேடை தந்த கோவையில்! 'குடி அரசு' 1925 மே 2 அன்று பிறந்த ஈரோட்டுக்குப் பக்கத்தில்! 1965 பிப்ரவரியில் தமிழுக்காகத் தெருவுக்கு வந்தவர்கள் மீது குண்டு பாய்ந்த பொள்ளாச்சிக்குப் பக்கத்தில்! குண்டுக்கு அஞ்சாத மண்ணில், ஒரு குழந்தை 'ப'வுக்கும் 'பி'க்கும் அஞ்சி நிற்பதா?

இந்த இயக்கத்துக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால், நம் மூத்த தோழர்கள் பள்ளிக்கூடத்தைச் சொல்ல மாட்டார்கள். தேநீர்க் கடையைச் சொல்வார்கள்.

1951-இல் இம் மண்ணில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ இருபது பேர்தாம். மற்ற எண்பது பேர்? அவர்களில் பலர் இங்கே ஆலைகளில் இருந்தனர். 1930களில் பைக்காரா மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்தது. ஆலைச் சங்குகள் கோவையைச் சுற்றி ஊத ஆரம்பித்தன. காட்டை விட்டுக் கதிருக்கு வந்தான் உழவன் மகன். அவனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் ஈரோட்டில் பெரியார் என்ன சொன்னார், காஞ்சியில் அண்ணா என்ன எழுதினார் என்பது தெரியும். எப்படித் தெரிந்தது? விடியற்காலை. கடை வாசலில் பெஞ்சு. எழுத்தறிந்த ஒருவர் ஏட்டைப் பிரிப்பார், உரக்கப் படிப்பார். சுற்றி நிற்பவர்கள் கேட்பார்கள். தேநீர் ஆறிப்போகும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். சங்கு ஊதினால் பாதிக் கட்டுரையோடு ஓடுவார்கள். மீதியை மறு நாள் கேட்பார்கள்.

கேட்டவன் கேட்டவனாகவே நின்றுவிடவில்லை. ஒரு நாள், "அந்தச் சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்பான். தலைப்பைக் காட்டுவார்கள். பெரிய எழுத்து. அதை மனத்தில் பதிய வைத்துக்கொள்வான். மறு வாரம் அதே சொல் வேறிடத்தில் வந்தால் அவனே காட்டுவான். தலைப்புச் செய்தியை அரிச்சுவடியாகக் கொண்டு படித்துத் தேறிய கூட்டம் அது! பின்னர் ஊருக்கு ஊர் மன்றம், மன்றத்துக்கு ஒரு படிப்பகம் என்று எழுந்தன. கூரை ஓலை, வெளிச்சம் அரிக்கேன் விளக்கு. ஆனால் ஏடு இருந்தது. படிக்க ஆள் இருந்தது.

இது நமக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று மார் தட்ட வேண்டாம். கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலாளர்கள் 1865-இலேயே இதைச் செய்தார்கள். வேலை நடக்கும் கூடத்தில் உயர்ந்த மேடையில் ஒருவர் உட்கார்ந்து நாளிதழும் நாவலும் உரக்கப் படிப்பார்; கீழே நூற்றுக்கணக்கானவர்கள் இலை சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்கு ஊதியம், தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து போட்ட காசு. கேட்ட தொழிலாளி சிந்தித்தான். சிந்தித்தவன் உரிமை கேட்டான். அதனால்தான் அந்நாளைய ஆட்சி அதற்குத் தடை போட்டுப் பார்த்தது. அதே கியூபாதான் 1961-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் இளைஞர்களையும் மாணவர்களையும் கையில் விளக்கும் புத்தகமும் கொடுத்துக் குடிசைகளுக்கு அனுப்பி, ஒரே ஆண்டில் ஏழு லட்சம் பேருக்கு எழுத்தறிவித்தது.

ஆக, வாய்விட்டுப் படித்தல் என்பது ஏதோ சின்னப் பிள்ளை விளையாட்டு அல்ல. அடிமட்டத்தில் கிடந்தவன் எழுந்து நிற்க ஊன்றிய கோல் அது. அதைக் காலை வேளையில், நாள்தோறும், அரை மணி நேரம் நம் பிள்ளைகளுக்குத் தர முடியுமா என்பதே நம் கேள்வி.

நேரம் எங்கே இருக்கிறது என்கிறீர்களா? நேரத்தைப் பற்றி நம் இயக்கத்துக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் என்ன செய்தது? நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த பள்ளியை மூன்று மணி நேரமாக்கியது. மீதி நேரம் அப்பன் தொழிலைப் பார் என்றது. குயவன் மகன் சக்கரத்தடிக்குப் போ! வண்ணான் மகன் துறைக்குப் போ! குலக்கல்வி என்று பெயர் வைத்தது நாடு. கொதித்தெழுந்தது தமிழகம். பெரியார் போர் முழக்கம் செய்தார். 1953 ஜூலையில் நம் கழகம் நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை, இந்தத் திட்டத்தை எதிர்த்த முனைதான். அதற்குத் தலைமை தாங்கியவர் ஈரோட்டுச் சம்பத். ஓராண்டு தாங்கவில்லை திட்டம். ஆச்சாரியார் போனார், காமராசர் வந்தார். 1954 மே மாதத்தில் அதைக் கைவிடுவதாக அறிவித்தவர் யார் தெரியுமா? அதே திட்டத்தைச் சட்டமன்றத்தில் தாங்கிப் பிடித்துப் பேசிவந்த கல்வி அமைச்சர், நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம்!

பிள்ளையின் படிப்பில் இரண்டு மணி நேரத்தைக் குறைக்க வந்தார்கள் என்பதற்காகச் சிறை சென்ற தோழர்களின் வழி வந்தவர்கள் நாம். அந்தப் பிள்ளையின் பேரனுக்கு அரை மணி நேரம் கண்ணெதிரே வீணாகப் போவதை இன்று பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அதற்கு என்ன பெயர் வைக்கலாம்?

எந்த அரை மணி? சொல்கிறோம். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று, கலைஞர் படித்த திருக்குவளைப் பள்ளியில் வைத்து, மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. 2025 ஆகஸ்டில் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் சென்றது. 1920-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியில் நீதிக் கட்சித் தியாகராயர் போட்ட சோற்றின் தொடர்ச்சி இது. பசித்த வயிற்றோடு பாடம் கேட்ட கொடுமை தணிந்தது.

அதோடு இன்னொன்றும் நடந்தது. அதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. பிள்ளை சீக்கிரம் வருகிறான்! சோமனூரில் தறி ஓட்டும் அப்பன் இரவு ஷிப்டு முடித்துப் படுக்கிறார்; திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகும் அம்மா எட்டு மணிக்கு வண்டி பிடிக்கிறார். பூட்டிய வீட்டில் பிள்ளைக்கு என்ன வேலை? பள்ளிக்கு வந்துவிடுகிறான். உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ, மகளிர் குழுப் பெண்கள் பரிமாறுகிறார்கள். பத்து நிமிடத்தில் தட்டைக் கழுவி வைத்துவிட்டான். மணி அடிக்க இன்னும் அரை மணி இருக்கிறது. வயிறு நிறைந்திருக்கிறது. மூளை விழித்திருக்கிறது. வெயில் ஏறவில்லை. நாளில் இதைவிட நல்ல நேரம் உண்டா? அந்த நேரத்தில் அவன் என்ன செய்கிறான்? புளியமரத்துக்குக் கல் எறிகிறான்.

எறியட்டும், அதுவும் வேண்டியதுதான். தினமும் அரை மணியும் எறிய வேண்டியதில்லை.

படிப்பது எப்படி என்பதில்தான் நம் தோழர்களுக்குத் தெளிவு வேண்டும். 'உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆக மொத்தம் 247' என்று ஒப்பிக்கச் சொல்லி, ஒப்பித்ததும் 'படித்துவிட்டான்' என்று எழுந்து போய்விடக் கூடாது. 247-ஐயும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, 'மட்டம்' என்ற சொல்லைக் காட்டினால் திகைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மாறாக, ட, ப, ம என்ற மூன்றே எழுத்து. மேலே வைக்க ஒரு புள்ளி. படம் வந்துவிட்டது, மடம் வந்துவிட்டது, பட்டம் வந்துவிட்டது, மட்டம் வந்துவிட்டது! மூன்று எழுத்து தெரிந்த அன்றே நான்கு சொல் படித்த வீரன் அவன். மறு நாள் பள்ளிக்கு வராமல் இருப்பானா?

முதலில் பெரியவர் படிக்க வேண்டும். பிள்ளை கேட்க வேண்டும். அடுத்து விரல் வைத்துக்கொண்டு கூடவே படிக்க வேண்டும். அப்புறம் தனியாக. ஏன் இந்த வரிசை? தமிழில் ஒரே 'க', கல்லில் ஒரு மாதிரி ஒலிக்கும். தங்கத்தில் ஒரு மாதிரி. பகலில் இன்னொரு மாதிரி. இதை விதி சொல்லி ஏழு வயதுப் பிள்ளைக்கு விளக்க முடியுமா? காதால் கேட்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும். ல, ள, ழ மூன்றும் அப்படித்தான். 'வாளப்பளம்' என்று எழுதிய பையனைத் தலையில் குட்டுவதைவிட, நல்ல நாக்கு உள்ள ஒருவர் அவன் எதிரே பத்து முறை 'வாழைப்பழம்' என்று படித்துக் காட்டுவது மேல்.

கடைசிப் பத்து நிமிடம் எழுத்து. பார்த்து எழுதுதல் அல்ல; சொந்தச் சொல். நேற்று என்ன நடந்தது என்று கேளுங்கள். "அம்மிச்சி ஊருக்குப் போனமுங். ஆடு குட்டி போட்டிருந்துச்சுங்" என்பான். இதை எழுத வேண்டும். இங்கேதான் நம் பிள்ளை இடறி விழுகிறான். அவன் பேசும் தமிழ் ஒன்று. ஏடு பேசும் தமிழ் ஒன்று. 'போனமுங்' என்பது 'போனோம்' ஆவதையும், 'போட்டிருந்துச்சுங்' என்பது 'போட்டிருந்தது' ஆவதையும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால், இரண்டும் ஒரே தாயின் மக்கள் என்று அவனுக்கு விளங்கும். "நீ பேசுவது தப்பு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்! சொன்னால் வாயை மூடிக்கொள்வான். பிறகு திறக்கவே மாட்டான். 'அம்மிச்சி'யை அடித்துவிட்டுப் 'பாட்டி' என்று திருத்த வேண்டும் என்பதும் நமக்கு உடன்பாடில்லை. அம்மிச்சி அம்மிச்சியாகவே இருக்கட்டும். கொங்கு நாட்டுக் கிழவி ஏட்டில் ஏறினால் ஏடு இடிந்துவிடாது.

பெரியாரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இன்று நம் பிள்ளை 'ணா', 'றா', 'னா' என்று எழுதக் கால் போட்டால் போதும். 'லை', 'ளை', 'னை' என்று எழுத மற்ற எழுத்துகளுக்குப் போடும் அதே குறிதான். முன்பு அப்படியா? இந்த எழுத்துகளுக்கு மட்டும் சுழியும் தும்பிக்கையுமாகத் தனித்தனி வடிவம். பிள்ளை தனியாக நெட்டுருப் போட வேண்டும். 1935-இல் 'குடி அரசு' ஏட்டில் பெரியார் அதைச் சீர்திருத்தி அச்சிட்டார். பண்டிதர்கள் சிரித்தார்கள். 43 ஆண்டு கழித்து, 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டு அதை ஏற்றது. 13 எழுத்தின் சுமை குழந்தை முதுகிலிருந்து இறங்கிற்று. துருக்கியில் 1928-இல் கமால் பாட்சா கரும்பலகையின் முன் நின்று மக்களுக்குப் புது எழுத்தைக் கற்பித்த படத்தை உலகம் போற்றுகிறது. ஈரோட்டில் அச்சுக் கோத்தவர்களுக்குப் படமும் இல்லை. அவர்கள் இறக்கி வைத்த சுமையின் பயன் முழுதும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

கோவையில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னையிலிருந்து திட்டம் எழுதுவோருக்கு அது எளிதில் புலப்படாது. இங்கே தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு, பலவற்றில் கன்னடம். இப்போது இந்தியும் ஒடியாவும் பேசும் பெற்றோரின் பிள்ளைகளும் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். திருப்பூருக்குப் போய்ப் பாருங்கள். பீகாரிலிருந்து வந்த தொழிலாளியின் மகள் 'அ' போடுகிறாள்! நாம் இந்தித் திணிப்பை எதிர்த்தோம், எதிர்ப்போம். 1968 ஜனவரி 23 அன்று அண்ணா சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானம் நம் நெஞ்சில் கல்வெட்டு. ஆனால் வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவனின் பிள்ளை மேல் நமக்கு என்ன பகை? அவளுக்கு வீட்டில் தமிழ் கேட்க வழியில்லை. காலை அரை மணியில் கேட்டால்தான் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் பையனுக்கும், ஒருத்திக்குப் படித்துக் காட்டுவதில் ஒரு மிடுக்கு வரும். அதனால் அவன் படிப்பும் வளரும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்களை, பெரும்பாலும் பெண்களை, மாலை நேரத்தில் தெருவுக்குத் தெரு உட்கார வைத்தது. 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளை நிற்கும் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கும் முறை. 'வாசிப்பு இயக்கம்' கொண்டுவந்த சின்னஞ்சிறு கதை நூல்களுக்கு 'நுழை, நட, ஓடு, பற' என்று நான்கு படிகள் வைத்தார்கள். பெயர் வைத்தவர் வாழ்க! ஆனால் சில பள்ளிகளில் அந்நூல்கள் அலமாரிக்குள் பத்திரமாக இருக்கின்றன. கிழிந்துவிடுமாம். கிழியட்டுமே! கிழியாத புத்தகம் படிக்காத புத்தகம்.

ஆசிரியரைக் குறை சொல்லிக் கை கழுவ வேண்டாம். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்ற நிலை இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. வருகைப் பதிவு, புள்ளிவிவரம், செயலியில் ஏற்றம் என்று அவர்களுக்குப் பாதி நாள் போகிறது.

நம் தோழர்களையே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, கோபித்தாலும் சரி. மேடையில் தமிழ் முழங்கும் நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பிள்ளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு வேனில் போகிறான்? போகட்டும், தடுக்க நாம் யார்? உலகத்துக்குச் சன்னல் ஆங்கிலம் என்று கற்பித்த இயக்கம்தான் இது. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தமிழும் அரைகுறை, ஆங்கிலமும் அரைகுறை என்று நிற்கிறதே, அதைப் பார்த்தீர்களா? அவன் வீட்டில் உங்கள் ஏடு தினமும் விழுகிறது. என்றைக்காவது ஒரு காலை அதை அவன் கையில் கொடுத்து, "தலைப்பை மட்டும் படித்துக் காட்டு" என்று கேட்டதுண்டா?

பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக 1948-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. கொண்டுவந்த கல்வி அமைச்சர் நம் மாவட்டத்து அவினாசிலிங்கம். குழந்தைகளுக்கென்று பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் உருவாக்கித் தந்தவர், ஈரோட்டுப் பக்கத்துப் பெரியசாமித் தூரன். இருவரும் நம் கொடியின் கீழ் நின்றவர்கள் அல்லர். நன்றி சொல்ல அது தடையா? காந்திபுரத்தில் பெரியார் பெயரால் மாபெரும் நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டியபோது நாமும் பூரித்தோம். அந்த மாளிகைக்கு நாளை ஏறிச் செல்ல வேண்டிய கால்கள்தாம் இன்று புளியமரத்தடியில் நிற்கின்றன.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மையோர் பெற்றோரே. அங்கே போய்க் கேளுங்கள். தலைமை ஆசிரியர் இசைவோடு அலமாரியைத் திறக்கச் செய்யுங்கள். படித்துக் காட்ட ஆள் தேவை என்றால், ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளர் எத்தனை பேர் தெருத் திண்ணையில் இருக்கிறார்கள்! ஒன்று மட்டும்: பள்ளிக்குள் போகும்போது கறுப்புச் சிவப்புத் துண்டை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்த அரை மணியில் நமக்கு வாக்கு வேண்டாம். பள்ளியில் இடமில்லையா? பக்கத்தில் நம் படிப்பகம் இருக்கிறதே, பூட்டைத் திறங்கள்.

அந்தப் பளிங்குக் கல் படிப்பகத்தைத் திறந்துவிட்டார்கள். கிளைத் தோழர்கள் தட்டிகளை வெளியே அள்ளினார்கள்; பள்ளி ஆசிரியை 'நுழை'ப் புத்தகக் கட்டு ஒன்றைக் கொடுத்துதவினார். முப்பதாண்டு நூற்பாலையில் வேலை பார்த்து, கதிரோசையில் காது சற்று மந்தமாகிப்போன பெரியவர் ஒருவர் தினமும் எட்டரைக்கு வந்து உட்காருகிறார். காது மந்தம் என்பதால் பிள்ளைகள் உரக்கப் படிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் நல்லதாகப் போயிற்று. சென்ற வாரம் அவ்வழியே போனோம். நம்மைக் கண்டதும் வணக்கம்கூடச் சொல்லவில்லை அவர்.

"நுழைக் கட்டு தீந்து போச்சுங். பசங்க ரெண்டு தடவை படிச்சுட்டானுங்க. நடக் கட்டு எப்பங் வரும்?" என்றார்.